தொடாமல் ஏறும் மின்சாரமும் வயற்குடிசைப் பற்றரியும்

சிலாவத்துறையிலிருந்து அகத்திமுறிப்புப் பக்கமாகச் சென்றால், காலபோக காலத்தில் வயலோரங்களில் தகரக் கூரை போட்ட சிறு குடிசைகளைக் காணலாம். அவற்றுட் சில வெறும் காவற்குடிசைகள் அல்ல. சொந்தக் காணியில் இன்னும் வீடு எழும்பாத குடும்பங்கள், பிள்ளைகளை முருங்கனிலோ நானாட்டானிலோ உறவினர் வீட்டிற் படிக்க விட்டுவிட்டு, விதைப்பிலிருந்து அறுவடை வரை இங்கே வந்து தங்குகின்றன. மின்கம்பி அவர்களது வரம்பு வரை வரவில்லை. தடியில் கட்டிய ஒரு சிறிய சோலார் தகடும், மூலையில் ஒரு பற்றரியுமே அவர்களது மின்சார சபை.

சென்ற காலபோகத்தில் அத்தகைய குடிசை ஒன்றிற்கு நாம் அழைக்கப்பட்டோம். கணவனும் மனைவியும் அங்கே இருந்தார்கள். அவர்களது கவலை இதுதான்: பற்றரி நள்ளிரவுக்கு முன்பே இறங்கிவிடுகிறது. ரோச் லைற்றும் அதிலேதான் சார்ஜ் ஆகிறது. வில்பத்துக் காட்டுப் பக்கமிருந்து யானை வந்தால், அது வருவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்புதான். அந்த நேரத்தில் வெளிச்சமும் இல்லை, அடுத்த வயற்காரரைக் கூப்பிடப் போனும் இல்லை. பற்றரி பழுது, புதிது வாங்குங்கள் என்று கடையிற் சொல்லியிருக்கிறார்கள். உரத்துக்கென ஒதுக்கிய காசை எடுத்துப் பற்றரி வாங்குவதா என்ற வாக்குவாதம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. 1990இல் ஒரு தடவையும் 2007இல் மறு தடவையும் கையில் அகப்பட்டதோடு வெளியேறிய குடும்பம் அது. ஒரு போகத்து உரக்காசு அவர்களுக்குச் சின்ன விடயம் அல்ல.

நாம் பற்றரியைப் பார்க்குமுன் மேசையைப் பார்த்தோம். அங்கே ஒரு தட்டு இருந்தது. கறுப்பு நிறம், வட்டவடிவம், ஒரு சிறு சோசர் அளவு. ஜேர்மனியிலுள்ள உறவினர் ஒருவர் தமது பழைய போனுடன் அனுப்பிய பரிசு. அந்தத் தட்டின்மேல் போனை வைத்தால் போதும், வயர் குத்தாமலே சார்ஜ் ஏறும். அந்த அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். அக்கம்பக்கத்தவர் வந்து பார்த்துப் போவார்களாம். பற்றரி பழுதாகவில்லை, இந்த அதிசயத்துக்குத்தான் அது தன் மின்சாரத்தைக் கொடுத்துத் தீர்க்கிறது என்று சொல்ல எமக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

தொடாமல் மின்சாரம் ஏறுவது மந்திரமுமல்ல, பொய்யுமல்ல. உண்மையைச் சொன்னால், எம்மவருக்கு அது புதிதுமல்ல. 1990களில் இந்தப் பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பிரதேசங்களுக்கு வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. ரோச்சுக்குப் போடும் சாதாரண உலர்மின்கலம்கூட அகப்படாது. பாவித்து முடிந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து, இன்னும் ஒரு செய்தி கேட்கலாம் என்று பார்த்தவர்கள் பலர். (சூடு பட்டதும் உள்ளே எஞ்சியிருந்த இரசாயனம் சற்று வேகமாக வேலை செய்யும். அவ்வளவுதான். அது சார்ஜ் ஏறியதல்ல.) வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. வானொலிக்கு? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை வானொலிக்கு இழுத்து, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும்.

அந்த டைனமோவை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர்கள் எம்மிடையே இருப்பார்கள். உள்ளே ஒரு காந்தம் சுற்றும். அதைச் சூழ மெல்லிய செப்புக் கம்பிச்சுருள் அசையாமல் இருக்கும். காந்தம் சுருளைத் தொடுவதில்லை. தொட்டால் உரசித் தேய்ந்துவிடும். ஆயினும் சக்கரத்தின் உழைப்பு அந்தச் சிறிய காற்று இடைவெளியைத் தாண்டிச் சுருளிலே மின்னாகிறது. 6 உவோற்று, 3 உவாற்று. காந்தப்புலம் ஒரு சுருளுக்குள் மாறிக்கொண்டே இருந்தால் அச்சுருளில் மின் பிறக்கும் என்பதே இதன் விதி. இலண்டனில் மைக்கல் பரடே 1831இல் இதைக் கண்டுபிடித்தார். அவர் செய்ததில் டைனமோகூட இல்லை. இரும்பு வளையம் ஒன்றின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச்சுருள், மறு பக்கத்தில் இன்னொரு கம்பிச்சுருள். முதற் சுருளில் மின்னைப் போட்டபோதும் நிறுத்தியபோதும் மாத்திரம் மற்றச் சுருளோடு இணைத்த ஊசி ஒரு தடவை துள்ளியது. மின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது துள்ளவில்லை. இந்த ‘ஒரே சீராக ஓடினால் இல்லை’ என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

ஜேர்மனியிலிருந்து வந்த தட்டுக்குள் இருப்பது அந்தப் பரடேயின் முதற் சுருள்தான். போனின் முதுகுக்குள் இருப்பது இரண்டாவது சுருள். இரும்பு வளையம் இல்லை. அதற்குப் பதிலாகச் சுருள்களுக்குப் பின்னால் காந்தப்புலத்தைத் திசைதிருப்பும் கறுப்பு நிற பெரைற்றுத் தகடு ஒன்று இருக்கும். டைனமோவில் காந்தத்தைச் சுற்றுவது சக்கரம். தட்டில் சுற்றுவதற்கு எதுவுமில்லை. பற்றரியிலிருந்து வரும் மின்னோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். அதை அப்படியே சுருளுக்குள் விட்டால் பரடேயின் ஊசி போல ஒரு துள்ளலோடு சரி. ஆகவே தட்டுக்குள் இருக்கும் திரான்சிற்றர்கள் அந்த ஓட்டத்தை வெட்டி வெட்டி, முன்னும் பின்னுமாகத் திருப்பிவிடுகின்றன. செக்கனுக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவைதான் முன்னும் பின்னும் போகிறது என்பதை எண்ணிப்பார்த்தால் இந்த வேகம் விளங்கும். இவ்வளவு விரைவாக மாறுவதாற்றான் இரும்பு இல்லாமலே, சில சுற்றுக் கம்பியே கொண்டு, இந்த வேலையைச் செய்ய முடிகிறது.

சுருளோடு ஒரு கொள்ளளவியும் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் அவற்றுக்கென ஓர் இயல்பான துடிப்பு உண்டு. ஊஞ்சலிற் பிள்ளையை ஆட்டுபவர் கண்ட கண்ட நேரத்தில் தள்ளுவதில்லை. திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகும். அதுபோல் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே துடிப்பில் இருக்கும்போது மின் நன்றாகக் கடக்கும். இதைப் பரிவு என்று பாடப்புத்தகம் சொல்லும். வானொலிக் குமிழைத் திருப்பி நிலையம் பிடிப்பதும் இதே சங்கதிதான். மறு கரையில், போனுக்குள், வந்து சேர்ந்த ஆடலோட்டத்தை மீண்டும் நேரோட்டமாக்கும் சீராக்கி ஒன்றும், பற்றரிக்கு ஏற்ற அளவுக்கு உவோற்றளவைக் கட்டுப்படுத்தும் சில்லு ஒன்றும் உண்டு. போன் தட்டுடன் பேசவும் செய்கிறது. இன்னும் கொஞ்சம் கொடு, போதும், நிறுத்து என்று அதே சுருள் வழியாகவே செய்தி அனுப்புகிறது.

முருங்கனில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். பழுதான மின்விசிறியிலிருந்து கழற்றிய மெல்லிய செப்புக் கம்பியை ஒரு போத்தலைச் சுற்றி 30 சுற்று. பதினைந்தாவது சுற்றில் ஒரு சிறு வளையத்தை வெளியே இழுத்துவிட்டோம். அந்த நடு வளையம் 1.5 உவோற்றுப் பற்றரியின் நேர் முனைக்கு. சுருளின் ஒரு நுனி, பழைய வானொலியிற் கழற்றிய சிறு என்பிஎன் திரான்சிற்றரின் சேகரிப்பானுக்கு. மறு நுனி ஒரு தடையினூடாக அதன் அடிவாய்க்கு. ஏறத்தாழ 15,000 ஓம் தடை. திரான்சிற்றரின் மூன்றாவது காலான காலி பற்றரியின் மறை முனைக்கு. இவ்வளவுதான் அனுப்பும் சுற்று. பெறும் சுற்று இன்னும் எளிது: வேறொரு 30 சுற்றுச் சுருள், அதன் இரு நுனிகளிலும் ஒரு எல்ஈடி. கம்பியின் நுனிகளில் உள்ள வார்னிஷைச் சுரண்ட மறந்ததால் முதல் அரை மணி நேரம் எதுவும் எரியவில்லை. சுரண்டிய பின், ஒரு சுருளின்மேல் மற்றதைக் கொண்டுவந்ததும் எல்ஈடி எரிந்தது.

பிள்ளைகள் தாமாகவே பரிசோதனையைத் தொடங்கினார்கள். இடையே கொப்பியை வைத்தார்கள், எரிந்தது. உள்ளங்கையை வைத்தார்கள், எரிந்தது. பொலித்தீன் பையிற் கொஞ்சம் உப்புத்தண்ணீர் கட்டி வைத்தார்கள், அப்போதும் எரிந்தது. பிஸ்கற் ரின்னின் மூடியை வைத்ததும் அணைந்தது. ஒரு சிறுவன் பெறும் சுருளை மெல்ல மெல்ல உயர்த்தினான். நாலு விரற்கிடைக்குள் வெளிச்சம் மங்கி, பின் இல்லாமற்போனது. சுருளைச் சரித்துப் பிடித்தாலும் அப்படியே. தொடாத மின்சாரத்தின் பலமும் பலவீனமும் அந்த மேசையிலேயே எமக்குத் தெரிந்தன. காற்று, தோல், நீர், பிளாஸ்ரிக் அதற்குத் தடையல்ல. உலோகம் தடை. தூரம் பெருந்தடை.

தூரத்தை வெல்ல முயன்றவர்கள் இல்லாமலில்லை. நிக்கொலா டெஸ்லா 1901இல் நியூயோர்க்குக்கு அருகே பெரிய கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்; கம்பியின்றி உலகெங்கும் செய்தியும் மின்வலுவும் அனுப்புவது அவரது கனவு. காசு முடிந்தது. கோபுரம் 1917இல் இடிக்கப்பட்டது. 2007இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் பரிவைப் பயன்படுத்தி 60 உவாற்று மின்குமிழ் ஒன்றை 2 மீற்றருக்கும் அதிகமான தூரத்திலிருந்து எரியவைத்தார்கள். அதற்குப் பெரிய செப்புச் சுருள்கள் தேவைப்பட்டன. அனுப்பியதில் ஏறத்தாழ 40 வீதமே போய்ச் சேர்ந்தது. போன் தட்டுகளுக்கான பொது நியமம் 2010இல் வெளிவந்தது. அதை வகுத்தவர்கள் தூரத்தை விட்டுவிட்டுச் சில மில்லிமீற்றர் இடைவெளியோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். கெட்டித்தனமான முடிவு என்பது எமது அபிப்பிராயம்.

இந்தத் துறையில் எமது தீவின் பெயரும் உண்டு. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகம் தூண்டல் மூலம் வலு அனுப்பும் ஆய்வில் உலகறிந்த இடம். அங்கே இதைத் தொடக்கி வளர்த்த யோன் பொய்ஸ், கிரான்ற் கொவிக் இருவருக்கும் 2013இல் அந்நாட்டுப் பிரதமரின் விஞ்ஞானப் பரிசு கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில், வாகனத்துக்கு மின்னை ஏற்றவும் வாகனத்திலிருந்து திருப்பி எடுக்கவும் வல்ல இருவழிச் சுற்றுகளில் ஆய்வு செய்தவர் உதய மடவல. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். தென்கொரியாவின் குமி நகரில் 2013இல் வீதிக்கடியிற் புதைத்த சுருள்களிலிருந்து ஓடும்போதே மின்னேற்றிக்கொள்ளும் பஸ்கள் விடப்பட்டன. இவையெல்லாம் பெரிய இடத்து விடயங்கள். ஆனால் காது கேளாத பிள்ளைக்குச் செவிக்குள் பொருத்தும் கருவி அப்படியல்ல. தமிழ்நாட்டில் அரச காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது பொருத்தப்படுகிறது. காதின் பின்புறம் தோலுக்கு மேல் ஒரு சுருள், தோலுக்குக் கீழ் ஒரு சுருள். தோலைத் துளைத்து வயர் போகாமலே மின்னும் ஒலிச்செய்தியும் உள்ளே போகின்றன. தொடாமற் கொடுப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் வேறு இல்லை.

மீண்டும் வயற்குடிசைக்கு வருவோம்.

அங்கே இருந்தது 20 உவாற்றுத் தகடு ஒன்றும், 12 உவோற்று 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றும். பன்னிரண்டை ஏழாற் பெருக்கினால் 84 உவாற்று-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். எனவே ஓர் இரவுக்குக் கையில் உள்ள முதல் 42 உவாற்று-மணி என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு இவ்வளவுதான் வருமானம் என்று எண்ணிச் செலவு செய்வது போன்றதே இது.

இந்த 42 எப்படிச் செலவானது? தட்டுக்கு 5 உவோற்றுத் தேவை. அதனோடு வந்த அடப்ரரோ 230 உவோற்றில் வேலை செய்வது. ஆகவே பற்றரியின் 12 உவோற்று நேரோட்டத்தை 230 உவோற்று ஆடலோட்டமாக்க ஒரு சிறிய இன்வேட்டர் வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். இன்வேட்டர் 12ஐ 230 ஆக்க, அடப்ரர் அந்த 230ஐ 5 ஆக்க, தட்டு அந்த நேரோட்டத்தை வேகமான ஆடலோட்டமாக்க, காற்றைத் தாண்டி வந்ததைப் போன் மறுபடியும் நேரோட்டமாக்க, ஐந்தாவதாக அது போனின் பற்றரிக்குள் போகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைமாறி வரும் நெல்லில் ஒவ்வொரு கையும் ஒரு பிடி எடுப்பது போல. சுருளிலிருந்து சுருளுக்குக் கடக்கும் படியில் மாத்திரம், போன் சரியாக நடுவில் வைக்கப்பட்டிருந்தாலும், நூற்றுக்கு 20 முதல் 40 வீதம் வரை போகும். சரிந்து இருந்தால் இன்னும் அதிகம். தட்டும் போனும் சூடாக இருந்ததை வீட்டுக்காரர் நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தார். அந்தச் சூடு அவருடைய பற்றரியிலிருந்து போனது.

இதைவிடப் பெரிய கள்வன் இன்வேட்டர். அதில் எதுவும் பூட்டாமலே விட்டாலும், உயிரோடு இருப்பதற்கே அது 5 உவாற்று அளவில் எடுக்கும். இரவு முழுவதும் பத்து மணித்தியாலம் விட்டால் 50. கையில் இருந்த முதலே 42தான்! போன் நிறைந்த பின்பும் தட்டில் கிடக்கட்டும் என்று விட்டதால் இன்வேட்டரும் விடியும்வரை உயிரோடு கிடந்தது. விளக்குக்கும் ரோச்சுக்கும் எஞ்சியது என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்த்தோம். இக்காலப் போன் ஒன்றின் பற்றரி 4,000 மில்லி அம்பியர்-மணி என்றால் அது ஏறத்தாழ 15 உவாற்று-மணி. கார்களிற் பூட்டும் 12 உவோற்றை 5 உவோற்றாக்கும் சிறு சார்ஜரைப் பற்றரியோடு நேரே இணைத்து வயரால் ஏற்றினால், இழப்பெல்லாம் சேர்த்து ஒரு போனுக்கு 20 அளவில் செலவாகும். அதே சிறு சார்ஜரிலிருந்து தட்டுக்குக் கொடுத்துத் தொடாமல் ஏற்றினால் 28 அல்லது 30. அதாவது அதே 42இல் வயரால் இரண்டு போன். தட்டால் ஒன்றரைப் போன். இன்வேட்டர் வழியாக வந்தால் ஒன்றுகூடச் சந்தேகம். கொழும்பில் மின்கட்டணம் கட்டும் வீட்டில் இந்த வித்தியாசம் மாதத்துக்குச் சில ரூபாதான். யாரும் கவனிக்க மாட்டார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது அவர்களும் கவனித்திருப்பார்கள். சிலாவத்துறை வயலில் ஒவ்வோர் இரவும் அப்படித்தான்.

இன்னொரு விடயமும் உண்டு. 20 உவாற்றுத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 70 உவாற்று-மணி அளவில் பற்றரிக்குக் கொடுக்கும். ஆனால் எமது பகுதிக்கு மழை வருவதே ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை. காலபோகக் காவல் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். வானம் மூடிக் கிடக்கும் நாளில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. வெளிச்சம் மிகவும் தேவைப்படும் காலத்திலேயே வரவு குறைவு. ஆகவே அவர்களுக்கு நாம் சொன்னது: இன்வேட்டரைக் கழற்றுங்கள். சிறு கார் சார்ஜரைப் பூட்டுங்கள். போனை இரவில் அல்ல, தகடு உழைக்கும் பகலில், நிழலில் வைத்து ஏற்றுங்கள். தகரக் கூரையின் கீழ் உச்சி வெயிலில் வைத்தால் போனின் லிதியம் பற்றரி விரைவிற் கிழடாகும். தட்டில் வைத்தால் இரட்டைச் சூடு. இரவுக்கு விளக்கும் ரோச்சும் மட்டும். பற்றரியைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளந்தபோது மீற்றர் 12.2 உவோற்றுக்குக் கீழே காட்டியது. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது என்பதன் அடையாளம். இரண்டு வெயில் நாள் நிறைய ஏற்றியபின் அது மீண்டும் நிமிர்ந்தது. புதிது வாங்க அவசியமிருக்கவில்லை. உரக்காசு உரத்துக்கே போனது.

அப்படியென்றால் இந்தத் தட்டால் எமக்குப் பயனே இல்லையா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். சிலாவத்துறையில் உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைக் கரையில் உள்ளவர்களிடம் கேட்க வேண்டும். ரோச்சின் சார்ஜ் துவாரத்துக்குள் பச்சை படர்ந்திருக்கும். போனின் துவாரத்துக்குள் உள்ள மெல்லிய பொன்முலாம் போய், செம்பு அரித்து, வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தாற்றான் ஏறும் என்ற நிலை வரும். பின்னர் அதுவும் இல்லை. ஈரத்தோடு சார்ஜ் போடுவதே இதற்கு முதற் காரணம். உப்பு ஈரத்தில் மின் ஓடும்போது உலோகம் கரைந்து போகிறது. சில நாளிலேயே ஒரு முனை அரிக்கப்பட்டுவிடும். பற்றரிக்கோ விளக்குக்கோ எந்தப் பழுதும் இல்லாமல், இந்தத் துவாரம் ஒன்றினாலேயே எறியப்படும் ரோச்சுகள் எத்தனை!

இங்கேதான் தொடாத சுருள் தன் பெறுமதியைக் காட்டும். துவாரமே இல்லாமல் முழுக்க மூடி ஒட்டிய ரோச்சுக்குள் பெறும் சுருளை வைத்தால், உப்பும் நீரும் நுழைய வழியில்லை. மின்சாரப் பற்தூரிகைகள் பல தசாப்தங்களாக இப்படித்தான் ஈரமான குளியலறையில் சார்ஜ் ஆகின்றன. நனையும் தொழில் செய்பவருக்கு, கடலுக்குப் போகிறவருக்கு, சேற்று வயலில் நிற்பவருக்கு, சிறிது மின் வீண்போனாலும் கருவி பல காலம் நிற்பது இலாபமே. ரோச்சின் பற்றரி போனினதைவிடச் சிறியதாயின் வீண்போகும் அளவும் சிறியது. ஆனால் எமது கடைகளில் இன்று வருவது இவ்வகை ரோச் அல்ல, போன் தட்டுகள்தான். செய்பவர்கள் எமது கரையை நினைத்துச் செய்வதில்லை.

கடைக்காரர் சிலர், தட்டுக்குச் சுருள் இல்லாத போன் வைத்திருப்பவருக்கு ஒட்டும் தகடு ஒன்றையும் விற்கிறார்கள். மெல்லிய சுருள் அது; போனின் முதுகில் ஒட்டி, அதன் சிறிய வாலைப் போனின் சார்ஜ் துவாரத்துக்குள் செருக வேண்டும். துவாரம் பழுதானதாற்றானே தட்டைத் தேடினோம்? துவாரம் பழுதான போனுக்கு இது உதவாது. நல்ல துவாரத்தைப் புதிதாகவே பாதுகாப்பதற்கு மட்டும் உதவும். துவாரத்தைக் காப்பதற்கு மலிவான வழி உண்டு. நனைந்த போனை, அன்றைய தேவை எவ்வளவு அவசரமானாலும், நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதிருத்தல். போனை நிறுத்திவிட்டு உலர்ந்த ஈர்க்குத் துண்டால் அல்லது பல்குத்தும் குச்சியால் தூசியை மெல்லச் சுரண்டி எடுத்தல்; ஊசி வேண்டாம். கரையோரத்தில் ஒரு பொலித்தீன் உறை.

தட்டு வைத்திருப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். தட்டுக்கும் போனுக்கும் இடையே சில்லறைக் காசோ திறப்போ இருந்தால் அது சூடேறும். இன்டக்சன் அடுப்பில் சட்டி சூடாவது எப்படியோ அப்படியே. நல்ல தட்டுகள் இதை உணர்ந்து நிறுத்திவிடும். மலிவான தட்டுகளை நம்ப முடியாது. வங்கி அட்டையைப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டு சார்ஜ் போட வேண்டாம். நெஞ்சிலே இருதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாமல் விலகியிருப்பது நல்லது. மற்றவர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அயலில் ஒரு பெரியவர் இந்தத் தட்டால் தலையிடி வருகிறது என்றார். சில மில்லிமீற்றரிலேயே மங்கிப்போகும் ஒன்று அடுத்த வீட்டுத் தலையைத் தேடிப் போகாது.

இன்னொன்று. போனிற் சுற்றி வரும் படங்களில், ஒரு கம்பிச்சுருளையும் ஒரு காந்தத்தையும் சும்மா வைத்ததும் விளக்கு எரிவதாகவும், போன் சார்ஜ் ஆவதாகவும், மின்கட்டணமே இல்லை என்றும் காட்டுகிறார்கள். அதைச் செய்யும் பொருள்களை அனுப்பித்தருவதாகக் காசும் கேட்கிறார்கள். பரடேயின் ஊசியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அசையாத காந்தம் எந்தச் சுருளிலும் மின்னைப் பிறப்பிக்காது. யாரோ சுற்ற வேண்டும்: சைக்கிள் பெடலைச் சுற்றிய கையோ, மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகளின் முப்பது கோபுரங்களையும் சுற்றும் காற்றோ. அந்தப் பெரிய யந்திரங்களுக்குள்ளும் சுழல்வதும் நிற்பதும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாற்று. அந்த மின்சாரத்தில் ஒரு கம்பி வரம்பு தாண்டி எப்போது இந்தக் குடிசைகளுக்கு வரும் என்று வீட்டுக்காரர் கேட்டார். வீடு எழும்பினால்தான் இணைப்புக் கேட்கலாம், காணிக்கு உறுதி வந்தாற்றான் வீடு எழும்பும், உறுதிக்காக ஏறி இறங்கும் கந்தோர்கள் எத்தனை என்பதை அவரே எமக்கு எண்ணிக் காட்டினார். போன் இறங்காமல் இருக்க வேண்டியதும் அந்தக் கந்தோர்களிலிருந்து அழைப்பு வருமென்றுதான்.

அறுவடைக்குச் சற்று முன் மறுபடியும் போனோம். இன்வேட்டர் ஒரு சாக்குக்குள் கிடந்தது. பற்றரியின் முனைகளில் வாசலின் பூசியிருந்தார்கள். அது நாம் சொல்லிக்கொடுத்ததல்ல, அவர் உழவு யந்திரத்திலிருந்து கற்றது. யானை இரண்டு இரவு வந்ததாகவும், ஒரு மூலைப் பயிர் போனதாகவும், மற்றதைக் காப்பாற்றியதாகவும் சொன்னார்கள். கறுப்புத் தட்டு முருங்கனில், மின் இணைப்புள்ள உறவினர் வீட்டில், மகளின் மேசையில் இருக்கிறதாம். அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.